நெஞ்சுப் பெட்டியும் நாடிக் கணக்கும்



நாம் வைத்தியர் அல்லோம். நெகிரி செம்பிலானில், பஹாவுக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்தின் முகப்பில் மளிகைக் கடை நடத்தி வருகிறோம். ரப்பர் நின்ற இடமெல்லாம் செம்பனையாக மாறிய பிறகும் கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. நமது படிப்பு மதரஸா ஓதலும் ஆறு வருஷத் தமிழ்ப் பள்ளிப் படிப்புமே. ஆயினும் நாற்பத்திரண்டாம் வயதில் நெஞ்சிலே பேஸ்மேக்கர் வைக்கப்பட்டு, அதற்குப் பின்னும் ஒரு பெருந்தவறு செய்து, இறைவன் கிருபையால் தப்பியிருக்கிறோம். அந்தத் தவறு இன்னொருவருக்கு நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுத முன்வந்தோம்.

கடையில் அரைக் கிலோ பருப்பு கடனாகப் போனாலும் புத்தகத்தில் ஏற்றி விடுகிறோம். நெஞ்சுக்குள்ளே ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை அடித்துக்கொண்டிருக்கும் இருதயத்தின் கணக்கை நம்மில் எத்தனை பேர் ஒரு நாளாவது பார்த்திருக்கிறோம்?

நமக்கு நேர்ந்தது

முதலில் கண்டது படபடப்பு. தோட்டத்து ஜனங்கள் பெரட்டுக்குப் போகுமுன் ரொட்டி வாங்க வரும் விடியற்காலை நேரத்தில், நெஞ்சுக்குள் புறா சிறகடிப்பதுபோல் இருக்கும். சில நிமிஷங்களில் அடங்கும். அடங்குகிற அந்தத் தறுவாயில் கண் இருட்டும். கல்லாமேசையைப் பிடித்துக்கொண்டு நிற்போம். பித்தம் என்று எலுமிச்சம்பழச் சாறு குடித்தோம். வாயு என்று இஞ்சியும் ஓமமும் தின்றோம். வீட்டாரிடம் சொல்லவில்லை. கடைக்காரனுக்கு நோய் என்று தெரிந்தால், கடனுக்குச் சரக்குப் போடும் மொத்த வியாபாரி கையை இழுத்துக்கொள்வாரோ என்ற அச்சமும் இருந்தது. உண்மையை ஒளிப்பானேன்?

ஒரு நாள் ஏணியில் ஏறிப் பால் டின் இறக்கும்போது விழுந்து விட்டோம். நினைவு திரும்பியபோது தலை அரிசி மூட்டைமேல் இருந்தது. தூக்கி உட்கார வைத்தவர் பழைய கங்காணி ஒருவர். "பாய், இது பித்தம் இல்லே. என் தம்பியும் இப்படித்தான் விழுந்தான். இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார்.

போனோம். அன்று எடுத்த ஈ.ஸி.ஜி. நன்றாகவே இருந்தது. ஒன்றுமில்லை என்று மகிழ்ந்து திரும்ப எண்ணினோம். டாக்டர் அம்மையாரோ, "விழுந்த நேரத்தில் எழுதியிருந்தால்தானே தெரியும்?" என்று கூறி, ஒரு முழு நாளும் மார்பில் கட்டிக்கொள்ளும் சிறு கருவியைக் கொடுத்தார். அதில் கணக்கு வெளிப்பட்டது. இருதயம் சில வேளை தாளம் தப்பி நிமிஷத்துக்கு 150க்கு மேல் ஓடியிருக்கிறது. ஓட்டம் நின்றவுடன் ஐந்து விநாடி அடிக்காமலே இருந்திருக்கிறது. ஐந்து விநாடி என்பது பேச்சுக்குச் சிறிது. மனிதனைக் கீழே தள்ள அது போதும்.

ஆகவே முதற்பாடம் இது: மயங்கி விழுந்தவருக்கு ஒரு தடவை எடுத்த ஈ.ஸி.ஜி. நன்றாயிருந்தால் மட்டும் நோயில்லை என்று ஆகிவிடாது.

இருதயத்தின் மின்சாரம்

இருதயம் இரத்தத்தை இறைக்கும் பம்பு. பம்பு ஓட மின்சாரம் வேண்டுமல்லவா? அது வலப்பக்கத்து மேலறையின் சுவரிலுள்ள ஒரு சிறு முடிச்சில் பிறக்கிறது. அதை 1907இல் ஆர்தர் கீத், மார்ட்டின் பிளாக் என்ற இருவர் கண்டறிந்து எழுதினார்கள். அங்கிருந்து கிளம்பும் சைகை நடுவிலுள்ள இரண்டாவது முடிச்சில் சற்றுத் தாமதித்து, கீழறைகளுக்குப் பரவுகிறது. ஓய்வாக இருக்கையில் நிமிஷத்துக்கு 60 முதல் 100 வரை அடிப்பது பொது வழக்கம்.

இதில் வரும் கோளாறுகளைச் சுருக்கமாக இருவகையாகச் சொல்லலாம். ஒன்று, சைகை பிறக்காமலோ வழியில் தடைப்பட்டோ இருதயம் மிக மெதுவாகப் போவது. மற்றது, மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் துடிதுடிக்க, நாடி தாளமின்றி ஓடுவது. சிலருக்கு இரண்டும் மாறி மாறி வரும். நமக்கு வாய்த்தது அதுவே.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். "நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள்", "பேஸ்மேக்கர் வைத்தார்கள்" என்று ஜனங்கள் இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறார்கள். ஸ்டென்ட் என்பது அடைபட்ட இரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் வலைக் குழல். நமது இராமேஸ்வரத்து அப்துல் கலாம் அவர்கள், ஹைதராபாத் டாக்டர் சோம ராஜுவுடன் சேர்ந்து 1990களில் குறைந்த விலையில் செய்து கொடுக்க முயன்றது அந்த ஸ்டென்ட்தான். வீட்டில் தண்ணீர்க் குழாய் வேறு, மின்சாரக் கம்பி வேறு. ஸ்டென்ட் குழாய் வேலை. பேஸ்மேக்கர் கம்பி வேலை. பேஸ்மேக்கர் வைத்தவருக்கு மாரடைப்பு வராது என்று எண்ணுவது பிழை.

பெட்டி வந்த வரலாறு

நாடியை ஆராய்வது புதிதன்று. இப்னு ஸீனா அவர்கள் (980–1037) தமது கானூன் நூலில் நாடி பார்ப்பதை விரிவாக எழுதினார்கள். இப்னு நபீஸ் அவர்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே, இருதயத்தின் வலப்பக்கத்து இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்பக்கம் சேருகிறது என்று எடுத்துரைத்தார்கள். ஆனால் நிற்கும் இருதயத்தை நடத்தும் கருவி கிடைக்க 20ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.

சுவீடன் தேசத்தில் ஆர்னே லார்சன் என்பவர் ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை மயங்கி விழுந்துகொண்டிருந்தார். அவர் மனைவி விடாப்பிடியாக வைத்தியர்களிடம் சென்று மன்றாடினார். ரூனே எல்ம்குவிஸ்ட் என்ற பொறியாளர் ஒரு சிறு யந்திரம் செய்ய, 1958 அக்டோபர் 8ஆம் தேதி ஸ்டாக்ஹோம் நகரில் ஆக்கே சென்னிங் என்ற சர்ஜன் அதை லார்சனின் உடலுக்குள் வைத்துத் தைத்தார். உலகில் உடலுக்குள் வைக்கப்பட்ட முதல் பேஸ்மேக்கர் அதுவே. அந்தப் பெட்டியை வார்த்தெடுத்த அச்சு என்ன தெரியுமா? சப்பாத்துப் பாலிஷ் டின்! நம் கடைத்தட்டில் தூங்கும் சரக்கு ஒரு மனிதனின் உயிரைக் காக்கப் பயன்பட்டது.

முதற்பெட்டி சில மணி நேரமே ஓடிற்று. அப்போது லார்சனுக்கு வயது 43. அதன்பின் பெட்டிகள் மாற்றப்பட்டு, மொத்தம் 26 பேஸ்மேக்கர்கள் அவருக்கு வைக்கப்பட்டன. 2001 டிசம்பரில், தமது 86ஆம் வயதில், வேறு நோயினால் காலமானார். யந்திரம் செய்தவரும் வைத்துத் தைத்தவரும் அவருக்கு முன்னரே மறைந்து விட்டார்கள். பெட்டி வந்தால் ஆயுள் முடிந்தது என்று அழும் வீட்டார் இந்த வரலாற்றை நினைக்க வேண்டும்.

பெட்டி செய்வதும் செய்யாததும்

இப்போதைய பெட்டி சிறியது. 20 முதல் 50 கிராம் எடை. பெரும்பாலும் இடது தோளெலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் வைக்கிறார்கள். அதிலிருந்து ஒன்றோ இரண்டோ மெல்லிய கம்பிகள் இரத்தக் குழாய் வழியாக இருதயத்துக்குள் போகின்றன. அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, ஒரு மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலான நேரத்தில் முடித்து விடுவது வழக்கம். கோலாலம்பூரில் 1992இல் தொடங்கிய தேசிய இருதயக் கழகமும், செர்டாங் அரசாங்க ஆஸ்பத்திரியும் இவ்வித வேலைக்குப் பேர்பெற்றவை. தோட்டத்து டிரஸ்ஸரோ பக்கத்து அரசாங்கக் கிளினிக்கோ கடிதம் கொடுத்தால் வழி திறக்கும்.

பெட்டி நல்ல காவற்காரனைப் போன்றது. இருதயம் தானாக அடிக்கும்போது பேசாமல் பார்த்திருக்கும். அடி தவறினால் மட்டும் சிறிய மின்சைகை கொடுத்து எழுப்பும். நடந்ததையெல்லாம் குறித்தும் வைக்கும். ஆஸ்பத்திரியில் தோலின்மேல் ஒரு கருவியைக் காட்டி அந்தக் கணக்கை வாசிக்கிறார்கள். மின்கலம் பொதுவாக ஏழு முதல் பன்னிரண்டு ஆண்டு வரை தாங்கும். திடீரென்று நின்றுவிடாது, தீரப்போவது பல மாதங்களுக்கு முன்பே பரிசோதனையில் தெரியும். ஆகையால் குறித்த தேதிக்குப் போவது கட்டாயம். கடைக்கு ஆள் இல்லை என்பது சாக்காகாது.

ஆனால் ஒன்று. பெட்டி, மெதுவாகிவிடும் இருதயத்தைத் தாங்குமே தவிர, மேலறைகளின் துடிதுடிப்பைக் குணமாக்குவதில்லை. அந்தத் துடிப்பால் இரத்தம் கட்டுவதையும் தடுப்பதில்லை. இதை நமக்கும் சொல்லித்தான் அனுப்பினார்கள். காதில் வாங்கினோம், மனத்தில் வாங்கவில்லை.

எலி மருந்து என்ற பேச்சு

பெட்டி வைத்தபின் நமக்கு வார்பரின் என்ற மாத்திரை கொடுத்தார்கள். இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் கூட இருந்ததால், இரத்தம் கட்டாதிருக்க இது அவசியம் என்றார்கள். நாலு மாதம் சென்றது. மயக்கம் ஓடிப்போயிற்று. மூட்டை தூக்கினோம், வேனை ஓட்டினோம். ஒரு நாள் மேசைமேல் கிடந்த மாத்திரைப் பையைப் பார்த்த வாடிக்கைக்காரர் ஒருவர், "பாய், இது செம்பனைக் காட்டிலே எலிக்கு வைக்கிற மருந்தாச்சே!" என்றார்.

அவர் சொன்னது பொய்யன்று. செம்பனைக் குலையைக் கடிக்கும் எலிகளுக்கு இந்நாட்டுத் தோட்டங்களில் வைக்கப்பட்ட மருந்துகளில் வார்பரினும் ஒன்றுதான். அந்தச் சொல் முள்ளாகத் தைத்தது. பெட்டிதான் இருக்கிறதே, விஷம் எதற்கு என்று மாத்திரையை நிறுத்தினோம். டாக்டரைக் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம், காலை வியாபாரம். "பன்னிரண்டு வெள்ளி எண்பது காசு" என்று மீதியைச் சொல்ல வாயெடுத்தோம். நாக்கு குழறிற்று. சில்லறை வலக்கையிலிருந்து சிதறிற்று. சிறு பிள்ளைகள் விளையாட்டென்று சிரித்தார்கள். உள்ளேயிருந்து ஓடிவந்த மனைவி வாய் ஒருபக்கம் கோணியிருப்பதைக் கண்டு கூக்குரலிட்டாள். இருபது நிமிஷத்தில் எல்லாம் சரியாகி விட்டது. "இனி எதற்கு ஆஸ்பத்திரி?" என்றோம். அவள் கேட்கவில்லை, கடையை அப்படியே விட்டு வண்டியில் ஏற்றினாள். அன்று அவள் கேட்டிருந்தால் இன்று இந்தக் கை இதை எழுதியிராது என்றே நம்புகிறோம். வந்தது பக்கவாதத்தின் முன்னறிவிப்பு என்றார் டாக்டர்.

காரணம் எளிது. ஓடும் தண்ணீரில் பாசி பிடிப்பதில்லை. தேங்கும் கானில் பிடிக்கிறது. மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் துடிக்கும்போது இரத்தம் அங்கே தேங்கிக் கட்டியாகிறது. கட்டி பெயர்ந்து மூளைக் குழாயை அடைத்தால் பக்கவாதம். இத்தகைய தாளம் தப்பிய துடிப்புள்ளவர்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் எலி மருந்து என்பது? வட அமெரிக்காவில் 1920களில், கெட்டுப்போன ஒருவகைத் தீவனப் பயிரைத் தின்ற மாடுகள் இரத்தம் நிற்காமல் மாண்டன. அதன் காரணத்தை விஸ்கான்சின் சர்வகலாசாலையில் கார்ல் லிங்க் என்பவர் ஆராய்ந்து கண்டார். அந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்த வார்பரின் 1948இல் எலிகளுக்கு வந்தது. 1954இல் மனிதருக்கும் மருந்தாக அனுமதி பெற்றது. அடுத்த ஆண்டே, மாரடைப்புக்கு ஆளான அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு இது கொடுக்கப்பட்டது. ஒரே சரக்கு, அளவுதான் வேறு. தராசைக் கையில் பிடித்துப் பிழைக்கும் நமக்கு இது விளங்காமற் போனதுதான் வெட்கம். உப்பும் அப்படித்தான்: கறியில் சிட்டிகை போட்டால் ருசி, படியால் கொட்டினால் கேடு.

அந்த அளவைப் பார்க்கத்தான் ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை. நம் போன்றவர்களுக்கு அது 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் கட்டும், மிகுந்தால் ஒழுகும். முருங்கைக்கீரை, பசலை முதலியவை இம்மருந்தின் வேகத்தைக் குறைக்கும். கீரையை அடியோடு விட வேண்டியதில்லை. ஒரு வாரம் அள்ளித் தின்று மறு வாரம் மறப்பதுதான் கெடுதல். ஆஸ்பிரின் முதலிய வலி மாத்திரைகள், ஜாமு, மஜூன், ஜின்செங் இவற்றை டாக்டரைக் கேளாமல் தொடலாகாது. இவற்றை விற்பவர்கள் நாமே ஆதலால், வாங்க வருபவரிடம் "இரத்தம் கட்டாதிருக்க மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்பது நமது பொறுப்பு. ஒரு வேளை மறந்தால் மறுநாள் இரட்டிப்பாக விழுங்கக் கூடாது. மலம் கறுத்தாலும், சிறுநீரில் இரத்தம் கண்டாலும், மட்டை விழுந்து தலையில் அடிபட்டாலும், காயம் சிறிதாயினும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடிக்கடி இரத்தம் பார்க்க வேண்டாத புதிய மாத்திரைகளும் இப்போது உண்டு. ஆனால் அவை எல்லோருக்கும் ஏற்றவையல்ல. உலோக வால்வு வைத்தவர்களுக்கும், வாதக் காய்ச்சலால் வால்வு மிகவும் சுருங்கியவர்களுக்கும் வார்பரினே உரியது. எது தகும் என்பதை டாக்டர் தீர்மானிப்பார், வாடிக்கைக்காரர் அல்ல.

கடையிலும் தோட்டத்திலும் ஜாக்கிரதை

1. பெட்டி வைத்த முதல் நாலு முதல் ஆறு வாரம் அந்தப் பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் தூக்கலாகாது; அரிசி மூட்டையைத் தொடலாகாது. கம்பி இடம் பெயர்ந்து விடும். அதற்காகக் கையை அசைக்காமலே வைத்தால் தோள் இறுகிப்போகும். மெல்ல அசைத்து வர வேண்டும்.

2. கைத்தொலைபேசியைச் சட்டைப்பையில் வைப்பது வியாபாரிகளின் பழக்கம். பெட்டிக்கும் அதற்கும் 15 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். பெட்டி இல்லாத பக்கத்துக் காதில் வைத்துப் பேசுக.

3. காந்தமுள்ள ஒலிபெருக்கியை மார்போடு அணைத்துத் தூக்கக் கூடாது. காந்த அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். சாதாரண மின்விசிறி, குளிர்ப்பெட்டி, தொலைக்காட்சி இவற்றால் தீங்கில்லை.

4. தோட்டத்துப் பட்டறையில் வெல்டிங் செய்பவரும், புல்வெட்டும் யந்திரம் சுமப்பவரும் வேலைக்குத் திரும்புமுன் டாக்டரிடம் தம் வேலை இன்னதென்று சொல்ல வேண்டும். ஓடும் இஞ்சின்மேல் குனிவதும் மின்வேலியைத் தொடுவதும் வேண்டாம்.

5. பெட்டி வைத்த இடம் சிவந்தாலும், வீங்கினாலும், சீழ் கண்டாலும், மயக்கம் மீண்டும் வந்தாலும் தாமதியாமல் போக வேண்டும்.

6. பேஸ்மேக்கர் அட்டை எப்போதும் பையில் இருக்கட்டும். பல் டாக்டரிடமும், எம்.ஆர்.ஐ. படம் எடுக்குமிடத்திலும் முதலில் அதைக் காட்டுக.

நோன்பும் பிரயாணமும் இறுதிக் காரியமும்

தொழுகையில் ருகூவும் ஸஜ்தாவும் பெட்டிக்குத் தடையல்ல. புண் ஆறும்வரை நனைக்காமல் இருப்பதே கவனம். நோன்புக்கு, ஷஃபான் மாதத்திலேயே டாக்டரைக் கண்டு மாத்திரை வேளையை ஒழுங்கு செய்து கொள்ள வேண்டும். ஒரு வேளை மருந்தை இப்தாருக்குப் பின் வைக்க முடியும். இரு வேளையானால் இப்தாரும் ஸஹரும் ஒத்துவருமா என்று கேட்க வேண்டும். பிடிக்கக் கூடாதென்று டாக்டர் சொன்னால், நோயாளிக்கு மார்க்கம் கொடுத்த சலுகையை ஏற்பதில் குறைவில்லை. ஹஜ்ஜு உம்ராப் பிரயாணத்தில் பரிசோதனை வாசலில் நிற்காமல் நடந்து போகலாம். கைக்கருவியைப் பெட்டிக்கு மேல் பிடிக்க வேண்டாம் என்று அட்டையைக் காட்டுக.

நம்மவர் அடக்கம் செய்பவர்களாதலால் மையித்திலிருந்து பெட்டியை எடுக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் லயத்தில் நம்முடன் வாழும் இந்து சகோதரர்கள் தகனம் செய்கிறவர்கள். மின்கலம் நெருப்பில் வெடிக்கும். ஆதலால் தகனத்துக்கு முன்பே ஆஸ்பத்திரியில் சொல்லிப் பெட்டியை எடுத்து விட வேண்டும். துக்க வீட்டில் இதை யார் நினைப்பார்? அக்கம்பக்கத்தில் கடை வைத்திருப்பவர் நினைவூட்டினால் உபகாரமாகும்.

நாடி பார்க்கும் பாடம்

ஐந்து நிமிஷம் உட்கார்ந்து ஓய்வெடுங்கள். இடக்கையின் கட்டைவிரலுக்கு நேர்க்கீழே மணிக்கட்டில், வலக்கையின் இரண்டு விரல்களை மெல்ல வையுங்கள். கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். எண்ணிக்கையோடு தாளத்தையும் கவனியுங்கள். 50க்குக் கீழே இறங்கி மயக்கமும் இருந்தாலும், ஓய்வில் 100க்கு மேல் நின்றாலும், அடிகள் ஒழுங்கின்றி முன்பின்னாக வந்தாலும், தேதியிட்டு எழுதிக்கொண்டு கிளினிக்கில் காட்டுங்கள். முகம் கோணினால், கை சோர்ந்தால், பேச்சு குழறினால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், 999ஐ அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் மருந்து நாலரை மணி நேரத்துக்குள்தான் கொடுக்கப்படுகிறது. நம் தோட்டங்களிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி சேரவே ஒரு மணி நேரம் போய்விடுகிறது.

இப்போது நமது கடன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நாடிக் கணக்கும் இருக்கிறது. தினமும் காலையில் கல்லாவைத் திறக்குமுன் எண்ணி எழுதுகிறோம். இரவில் மாத்திரை போட்டதும் ஒரு கோடு இடுகிறோம். மொத்த வியாபாரியிடமும் உண்மையைச் சொல்லி விட்டோம். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தம் வீட்டுப் பெரியவருக்கும் படபடப்பு உண்டென்று சொல்லி, நாடி பார்ப்பது எப்படி என்று நம்மிடமே கேட்டார். கல்லாமேசையில் வைத்தே கற்றுக் கொடுத்தோம்.